தோளைப் பாருங்கள்: அல்லைப்பிட்டியிலிருந்து போன ஒரு பிரெஞ்சு நடிகர்

எங்கள் மாமாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. நடிப்பு என்றால் அவருக்கு நடிகமணி வி. வி. வைரமுத்துதான். காங்கேசன்துறைக்காரரான வைரமுத்து மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேற்றிய ‘மயான காண்ட’த்தைக் கோயில் வீதிகளில் பாய் விரித்து விடிய விடியப் பார்த்தவர் மாமா. அரிச்சந்திரன் சுடலையில் நின்று பாடத் தொடங்கினால், கடைசியில் கச்சான் விற்கிற மனிசியும் கண்ணைத் துடைப்பாள் என்பார். போன மாதம் அவரைப் பக்கத்தில் இருத்தி மடிக்கணினியில் ‘தீபன்’ படத்தைப் போட்டேன். காது இப்போது கொஞ்சம் மந்தம் என்பதால் சத்தத்தை நன்றாகக் கூட்டியும் வைத்தேன். படம் முடிந்ததும், “ஆள் ஒண்டும் நடிக்கேல்லையே தம்பி, தன்ரை பாட்டைத்தானே சொல்லுறான்” என்றார்.

மாமா குறையாகச் சொன்னதை உலகம் பாராட்டாகச் சொன்னது. 2015 மே மாதம் கான் திரைப்பட விழாவில் ஜாக் ஓதியார் இயக்கிய ‘தீபன்’ தங்கப் பனை விருதை வென்றபோது, அதன் நாயகன் அன்ரனிதாசன் யேசுதாசனைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவருடைய பழைய வாழ்க்கையில் தொடங்கி அதிலேயே முடித்தார்கள். முன்னாள் போராளி, அகதி, ஆகவே நடிப்பு உண்மையாக இருக்கிறது என்றார்கள். பத்து ஆண்டுக்கு மேலாக இந்தப் பாராட்டு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாழ்ந்தவன் எல்லாம் நடிகன் ஆகிவிட முடியும் என்றால், நம்முடைய ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு தங்கப் பனை நின்றிருக்கும். ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதுகிற அந்த மனிதர் அந்தப் படத்தில் செய்திருப்பது கடினமான தொழில். அதைத் தொழிலாகவே அலசிப் பார்க்கவேண்டும்.

வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பண்ணைப் பாலத்தைத் தாண்டி, மண்டைதீவுச் சந்தியைக் கடந்தால் அல்லைப்பிட்டி. 1967-இல் அங்கே பிறந்தார். பதின்ம வயதில் இயக்கத்தில் சேர்ந்து, இருபது வயதுக்கு முன்பே விலகினார். நாட்டை விட்டு வெளியேறித் தாய்லாந்தில் சில ஆண்டுகள் இருந்தபின் 1993-இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். உணவகச் சமையலறை, சூப்பர் மார்க்கெட் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 2001-இல் ‘கொரில்லா’ வந்தது. 2004-இல் ‘ம்’ வந்தது. தமிழ் வாசகருக்கு அவர் முதலில் நாவலாசிரியர். லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ படத்தில் எழுத்திலும் நடிப்பிலும் பங்கெடுத்தார். தணிக்கை வாரியம் தடுத்து, மேன்முறையீட்டில் வெளியே வந்த படம் அது. ‘தீபன்’ வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

படத்தில் அவருடைய பாத்திரத்தின் உண்மைப் பெயர் சிவதாசன். போரில் தோற்ற போராளி. செத்துப்போன ஒருவனின் கடவுச்சீட்டில் ‘தீபன்’ ஆகிறான். முன்பின் தெரியாத யாழினி மனைவி ஆகிறாள், தாயில்லாத ஒரு சிறுமி மகள் ஆகிறாள். பிரான்சுக்கு வந்து தஞ்சம் கேட்கும் இடத்தில், மொழிபெயர்ப்பாளராக இருக்கும் தமிழர், இவன் ஒப்புவிக்கும் கதை எடுபடாது என்று கண்டு வேறு கதை சொல்லிக்கொடுக்கிறார். அந்த ஒரு காட்சியில் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அன்ரனிதாசன் சிவதாசனாக நடிக்கிறார். சிவதாசன் தீபனாக நடிக்கிறான். தீபன், யாரோ எழுதிக் கொடுத்த துன்பத்தைத் தன் துன்பமாக ஒப்புவிக்கிறான். முகம் ஒன்றுதான். அதில் பொய் சொல்பவனின் பயமும், உண்மையைச் சொல்ல இடமில்லாதவனின் வெறுமையும் சேர்ந்தே தெரியவேண்டும். கண்ணை அகல விரித்தால் காட்சி கெட்டுவிடும். அவர் இமையைத் தாழ்த்தி, எதிரே இருக்கிற அதிகாரியைப் பார்க்காமல், மொழிபெயர்ப்பவரின் பக்கம் சாய்கிறார். தன் பாட்டைச் சொல்கிறவருக்கு இந்தக் கணக்குத் தேவைப்படாது.

அடுத்து உடம்பு. படம் தொடங்கும்போது, தோழர்களின் உடல்களை ஓலை மூடி எரிக்கும் சிதையில் சீருடையைக் கழற்றி எறிகிறார். அங்கே தோள் இன்னும் போராளியின் தோள்தான். கொஞ்ச நேரத்தில் திரை இருட்டாகிறது. இருட்டுக்குள் நிறம் நிறமாய் வெளிச்சங்கள் மினுங்கி மினுங்கிக் கிட்ட வருகின்றன. தலையில் மினுங்கும் விளையாட்டுப் பட்டியை மாட்டிக்கொண்டு பாரிஸ் தெருவில் சில்லறைச் சாமான் விற்கிறான் அதே மனிதன். தோள் உள்ளே மடிந்திருக்கிறது, கழுத்துக் குறுகியிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி வேலை கிடைத்தபின் தோள் பாதி திரும்புகிறது. கையில் விளக்குமாறும் சாவிக்கொத்தும் இருக்கிறபோது ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிமிர உரிமை உண்டோ அவ்வளவுதான் நிமிர்கிறார். இந்த அளவை நடிகர்தான் தீர்மானிக்கிறார்.

மாமாவுக்கு இதையெல்லாம் விளக்கப் போகவில்லை. ஒரு காட்சியை மட்டும் திரும்பப் போட்டேன். போதைப்பொருள் கும்பல்களின் சூட்டுச் சண்டைக்குப் பிறகு தீபன் கட்டிடங்களுக்கு நடுவே நிலத்தில் வெள்ளைக்கோடு இழுக்கிறான். இந்தக் கோட்டைத் தாண்டி யாரும் சுடக்கூடாது என்கிறான். அங்கிருக்கும் இளைஞர்களுக்கு அவன் விசரன் போலத் தெரிகிறான். நமக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. 2009-இல் வன்னியில் ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு, அந்த வெள்ளைக்கோட்டைப் பார்க்கவே வயிறு கலங்கும். அன்ரனிதாசன் அந்த இடத்தில் குரலை உயர்த்தி வீரவசனம் பேசியிருக்கலாம், கண்ணீர் விட்டிருக்கலாம். இரண்டும் இல்லை. வீட்டு வேலை செய்கிறவனின் கவனத்தோடு கோட்டை இழுக்கிறார். மாமா கதிரையை முன்னுக்கு இழுத்தார். “பொறு, பொறு. தோளைப் பார். இப்ப நிமிர்ந்திட்டான்” என்றார். அறுபது வருடம் மேடை பார்த்த கண் அல்லவா, காது மந்தமானாலும் அதற்குத் தப்பாது.

வைரமுத்துவையும் அன்ரனிதாசனையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இசை நாடக மேடையில் நடிகனின் முதல் ஆயுதம் தொண்டை, உடம்பு அதன் பின்னே வரும். திரையில் கமரா முகத்துக்கு ஒரு முழம் கிட்ட வந்துவிடுவதால் தொண்டையை அடக்கத் தெரியவேண்டும். இருவரும் தமக்குக் கிடைத்த தூரத்தை அளந்து நடித்தவர்கள்.

‘தீபன்’ படத்தில் அவர் பெரும்பாலும் பேசுவது நம்முடைய தமிழ். எதிரே யாழினியாக வரும் காளீஸ்வரி சீனிவாசன் சென்னை மேடையிலிருந்து வந்தவர். துடுக்கான, வாய் ஓயாத பாத்திரம் அவருக்கு. பிரெஞ்சுக்காரர் சொல்லும் பகிடிகளில் சொல் விளங்குகிறது, சிரிப்பு வருவதில்லை என்று தீபன் குறைப்படும்போது, உனக்குத் தமிழிலும் பகிடி விளங்காது என்று அவள் மடக்குகிறாள். அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஓடுகிற சின்ன வெட்கத்தைக் கவனியுங்கள். படத்திலேயே எனக்குப் பிடித்த நொடி அது. பேசுகிறவளுக்கு இடம் விட்டு, கேட்பதையே நடிப்பாக்குகிறார்.

இனி என் உறுத்தலின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அந்த ஆண்டு கானில் சிறந்த நடிகர் விருது வின்சென்ட் லேன்டோனுக்குப் போனது. 2016 சீசர் விருதிலும் சிறந்த நடிகருக்கான பட்டியலில் அன்ரனிதாசன் பெயர் இருந்தது. வென்றவர் மறுபடி லேன்டோன். ஸ்டெஃபான் பிரிசே இயக்கிய படத்தில் வேலை இழந்து, பிறகு சூப்பர் மார்க்கெட்டில் காவலாளியாகச் சேரும் நடுவயது மனிதனாக அவர் நடித்திருந்தார். மிக நல்ல நடிப்பு, விருதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் லேன்டோன் பல பத்தாண்டுகள் திரையில் இருந்த நட்சத்திரம். சூப்பர் மார்க்கெட் தொழிலாளியாக அவர் மாறியதைக் கலை என்றார்கள். சூப்பர் மார்க்கெட்டில் உண்மையாகவே வேலை செய்த மனிதர் தோற்றுப்போன போராளியாக, தெரு வியாபாரியாக, காவலாளியாக, பொய்க் கணவனாக ஒரே படத்தில் மாறியதை வாழ்க்கை என்றார்கள். படத்தில் பாதி தன் வாழ்க்கை என்று அவரே சொன்னது உண்மைதான். மற்றப் பாதியை யார் செய்தது?

குறையும் சொல்லவேண்டும். கடைசிப் பகுதியில் தீபன் கத்தியோடு புகைக்குள்ளே மாடிப்படி ஏறுகிற சண்டை, ஒன்றரை மணி நேரம் அவர் பொறுமையாகக் கட்டிய மனிதனைச் சில நிமிடங்களில் சினிமா வீரனாக்கிவிடுகிறது. இது இயக்குநரின் முடிவு. அதற்குள்ளும் அவர் வெற்றிக் களிப்பு எதையும் காட்டவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

பிறகு வந்தவற்றில் லெனின் எம். சிவத்தின் ‘ரூபா’ கனடாவில் எடுக்கப்பட்டது, அன்ரனிதாசனின் கதை. திருநங்கை ஒருத்தியிடம் காதல் கொள்ளும் நடுவயதுக் குடும்பஸ்தராக வருகிறார். இறுகிய முகத்துக்குப் பழகியவர்கள் அவருடைய சிரிப்பை அதில் பார்க்கலாம்.

மேடைதான் இன்னும் பெரிய சோதனை. 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் எஸ். சக்திதரன் எழுதிய ‘கவுன்டிங் அன்ட் கிராக்கிங்’ அரங்கேறியது. இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியா வரை நான்கு தலைமுறைக் கதை, மூன்றரை மணி நேர நாடகம். 1983-இல் இறந்துவிட்டதாக நம்பப்பட்டு, இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு உயிரோடிருப்பதாகச் செய்தி வரும் கணவன் திருவாக நடித்தவர் அன்ரனிதாசன். அந்த நாடகத்தில் ஒருவர் தமிழில் பேசப் பேச, இன்னொரு நடிகர் அருகில் நின்று ஆங்கிலத்தில் சொல்வார். கமரா இல்லை, கிட்ட வந்து இமையைக் காட்ட யாரும் இல்லை. தன் குரல் முடியும் முன்பே வேறொரு குரல் அதன் மேல் ஏறும். அப்படிப்பட்ட மேடையில் சபையின் கண்ணைத் தன்மேல் வைத்திருக்க உடம்பு மட்டுமே துணை.

அந்த நாடகம் பின்னர் எடின்பரோவுக்கும் நியூயோர்க்குக்கும் போனது. எனக்கு ஆசை, அது வீரசிங்கம் மண்டபத்துக்கும் வரவேண்டும். மொழிபெயர்க்க ஆள் வேண்டியதில்லை. மாமாவை முன்வரிசையில், மேடைக்கு நேர் எதிரே இருத்துவேன்.