கூடு பாய்தலும் ஒரு டோப்பாவும்

பிபிசி 1963 நவம்பர் 23இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்ற அறிபுனைத் தொலைக்காட்சித் தொடரின் நாயகன், சாகும் தருவாயில் புது உடலெடுத்து எழுகிறான். மரணத்தை வென்ற தொன்மம் என்று இதைக் கொண்டாடும் வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை. இத்தொன்மம் ஒரு நடிகரின் நோயில் பிறந்தது, எழுதியது அலுவலகம்.

முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியவில்லை, வசனம் மறந்துபோனது. 1966இல் ‘த செலஸ்டியல் டாய்மேக்கர்’ கதையில் டாக்டர் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறார். திரும்பத் தோன்றும்போது வேறு ஆளை நிறுத்திவிடலாம் என்பது தயாரிப்பாளர் ஜான் வைல்ஸின் திட்டம். மேலிடம் ஒப்பவில்லை, வைல்ஸ் விலகினார். அடுத்து வந்த இன்னஸ் லாயிடு அவ்வாண்டு அக்டோபரிலேயே காரியத்தை முடித்தார். ‘த டென்த் பிளானெட்’டின் மூன்றாம் பகுதிக்கு ஹார்ட்னெல் நோயால் வரவில்லை. கதை ஆசிரியர் கெரி டேவிஸ் அவசரமாகத் திருத்தி, அவருடைய வசனங்களை மற்றவர்களுக்குப் பங்கு போட்டார். பிரதிக்குள் டாக்டர் மயங்கி விழுகிறார். நான்காம் பகுதி முடிவில் அந்த முகம் கலைந்து பேட்ரிக் டிரௌட்டன் முகமாகிறது.

அப்போது இதற்குப் பெயர்கூட இல்லை. ‘ரீஜெனரேஷன்’ என்ற சொல் 1974இல் வந்தது. பன்னிரண்டு முறைதான் என்ற வரம்பு 1976இல். 2013இல் அதையும் தாண்டிவிட்டார்கள். இலக்கியம் முந்தி, இலக்கணம் பிந்தி என்று தமிழ் வகுப்பில் படித்தது இதற்கும் பொருந்தும்.

டிரௌட்டன் அற்புதமான நடிகர், மாற்றம் தொடரைக் காப்பாற்றியது. மறுக்கவில்லை. ஆனால் காப்பாற்றப்பட்டது எது? நம் சித்தர் கதைகளில் கூடு விட்டுக் கூடு பாயும்போது எந்தக் கூடு என்று உயிர்தான் தேர்ந்தெடுக்கும். இங்கே தேர்வு நிறுவனத்தினுடையது. ‘டாக்டர்’ ஒரு பதவி. பதவிக்குச் சாவு கிடையாது, உட்கார்ந்தவருக்கு உண்டு.

ஒருவர் மட்டும் ஒத்துழைக்க மறுத்தார். 1986இல் நீக்கப்பட்ட காலின் பேக்கர், உருமாறும் காட்சிக்காகத் திரும்பி வரமாட்டேன் என்றுவிட்டார். 1987இல் ‘டைம் அண்ட் த ரானி’ தொடங்கும்போது, புது நடிகர் சில்வெஸ்டர் மெக்காயே பேக்கரின் உடையை மாட்டி, சுருட்டைமுடி டோப்பா வைத்து, முகம் தெரியாமல் கிடக்கிறார். ரசிகர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. எனக்கோ மொத்தத் தொடரிலும் நேர்மையான காட்சி அதுதான். தொன்மத்துக்கு அடியில் வேலையிழந்த ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை அந்த டோப்பா மறைக்கப் பார்த்துக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆசிரியனின் மரணம் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நடிகனின் உடல் பற்றி எப்போது பேசப் போகிறோம்? ஹார்ட்னெல்லின் அந்த நான்காம் பகுதி முழுதாக இன்று இல்லை. அவர் இன்னொருவராக மாறும் துண்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது.