எந்தப் பிரதி?

அமெரிக்காவில் வேலை பார்க்கும் இளம் நண்பர் ஒருவர் 2023 டிசம்பரில் விடுமுறைக்கு வந்திருந்தபோது எங்களுக்குள் நடந்த சர்ச்சை இது. வில்லியம் ஃப்ரீட்கினின் 'தி ஃபிரெஞ்ச் கனெக்ஷன்' (1971) பற்றிப் பேச்சு. படத்தின் நாயகனான போலீஸ்காரன் டாய்ல் ஒரு இனத்துவேஷி. படம் அதை மறைக்கவுமில்லை, அடிக்கோடிட்டுக் காட்டவுமில்லை, நம் முன் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது என்றேன். உதாரணமாக, கத்திக்காயத்துடன் நிற்கும் கூட்டாளி ரூசோவிடம் அவன் கறுப்பர்களை இழித்துப் பேசும் இடத்தைச் சொன்னேன். அப்படி ஒரு இடமே படத்தில் இல்லை என்றார் நண்பர். முந்தின வாரம்தான் பார்த்திருக்கிறார். வயதாகிவிட்டதால் எனக்கு ஞாபகப் பிசகு என்பதை மரியாதையாகவே தெரிவித்தார்.

என்னிடம் இருந்தது 2012இல் வந்த ப்ளூ-ரே டிஸ்க். அவரிடம் இருந்தது காசு கொடுத்து வாங்கி லாப்டாப்பில் இறக்கி வைத்த டிஜிடல் பிரதி. இரண்டையும் ஒரே டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். இருவர் சொன்னதும் சரி. என் பிரதியில் அந்தப் பேச்சு இருந்தது, அவருடையதில் இல்லை.

அதற்கு முன் படத்தின் தரத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் 1080 கோடுகள் கொண்டவை, விளம்பரப்படி சமம். ஆனால் அவருடைய ஃபைல் 5 ஜிபிக்கும் குறைவு. டிஸ்க் ஒரு அடுக்கில் 25 ஜிபியும் இரண்டடுக்கில் 50 ஜிபியும் கொள்ளக்கூடியது. இந்த வித்தியாசம் எங்கே போகிறது? ஷார்னியே உயர்ந்த ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட, எதிர்ச்சாரியில் குளிரில் நின்று டாய்ல் பீட்ஸாவைக் கடிக்கிற காட்சி. டிஸ்கில் அந்தக் குளிர்காலக் காற்றே பருக்கை பருக்கையாக அசைகிறது. ஃபிலிமின் வெள்ளி உப்பு கழுவப்பட்டபின் அதன் இடத்தில் நிற்கும் சாயத் துளிகள் அவை. ஓவன் ராய்ஸ்மனின் ஒளிப்பதிவில் நகரத்தின் அழுக்கும் பருக்கையும் ஒன்றேதான். டிஜிடல் பிரதியில் டாய்லின் முகம் மெழுகு. சுருக்கும் முறை அப்படி. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள மாற்றத்தை மட்டும் குறித்துவைத்து அது இடம் மிச்சம் பிடிக்கிறது. பருக்கையோ ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக விழுவது. எனவே அந்தக் கணக்கில் அது வெறும் இரைச்சல், முதலில் துடைத்தெறிய வேண்டியது. டிஸ்கும் சுருக்கப்பட்டதுதான். ஆனால் அதில் மூச்சுவிட இடம் இருக்கிறது. கடைசியில் வரும் பாழடைந்த கிடங்கின் இருட்டு டிஸ்கில் இருட்டு. மற்றதில் சாம்பல் கட்டங்கள். (பகல் காட்சிகளில் என் மனைவிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

டிஸ்க் பக்தர்கள் இதற்காகத் துள்ள வேண்டாம். இதே படத்துக்கு 2009இல் வந்த ப்ளூ-ரேயில் ஃப்ரீட்கின் நிறங்களைத் தன் அப்போதைய இஷ்டப்படி வெளுத்தும் கசியவிட்டும் மாற்றிவைத்தார். தன்னைக் கலக்காமல் செய்த காரியம் என்று ராய்ஸ்மன் பகிரங்கமாகவே கண்டித்தார். 2012 டிஸ்க் இருவரும் சேர்ந்து மேற்பார்த்தது. 2009 டிஸ்க் கெட்ட பிரதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது இன்னும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சினிமாவில் நிறம் யாருக்குச் சொந்தம் என்று வாதாட முடிகிறது. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிய நம் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் தந்தது இதைத்தான். தவறான பாடமும் ஒரு சாட்சியம்.

நண்பரின் பிரதிக்கு அந்த யோக்யதை கிடையாது. 2023 ஜூனில்தான் விஷயம் அம்பலமாகிப் பத்திரிகைகளில் வந்தது: அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கிலும் டிஜிடல் விற்பனையிலும் இருந்த பிரதிகளிலிருந்து அந்தப் பகுதி நீக்கப்பட்டிருந்தது. எந்த முன்னறிவிப்பும் இல்லை; படத்தின் தலைப்பில், வருஷத்தில், எதிலும் மாற்றமில்லை. நண்பர் விலை கொடுத்தது 2020இல், இறக்கிப் பார்த்தது 2023இல். வாங்கியது ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று. வாங்கியது படத்தை அல்ல, பார்க்கும் உரிமத்தைத்தான் என்று ஒப்பந்தத்தில் எங்கோ இருக்கும். மெழுகு முகத்தையாவது கண் கண்டுபிடித்துவிடும். இல்லாத காட்சியை எந்தக் கண் கண்டுபிடிக்கும்? பக்கத்தில் வைக்க இன்னொரு பிரதி இல்லாதிருந்தால் அன்று நான் பொய்யனாகத்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பேன்.

நண்பர் விட்டுக்கொடுக்கவில்லை. கறுப்பர்கள் கூடும் மதுக்கடையில் டாய்ல் புகுந்து மிரட்டும் காட்சி வெட்டப்பட்ட பிரதியிலும் இருக்கிறதே, அவன் குணம் தெரியத்தானே செய்கிறது என்றார். அது உத்யோகத் திமிர் என்று சொல்லித் தப்பிக்க இடமிருக்கிறது. ரூசோவிடம் தனியாகப் பேசும்போது அந்த இடம் இல்லை என்றேன். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியாது. இந்தத் தடவை குறைந்தபட்சம் ஒரே படத்தைப் பற்றிச் சண்டை போட்டோம்.

கிளம்பும்போது டிஸ்கை இரவல் கேட்டார். தரவில்லை. அவரிடம் பிளேயரும் கிடையாது.