கீறலின் மேல் முளைத்தால்

கருவிழிப் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்த மாதிரியை வளர்ப்புத் தட்டில் இடும் முறையில் ஒரு தனி அழகு உண்டு. ரத்தம் கலந்த அகார் தட்டின் மேல் ஆங்கில ‘சி’ எழுத்தின் வடிவில் சின்னச் சின்ன வளைவுகளை வரிசையாகக் கீறுகிறார்கள். காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து எந்தத் தட்டிலும் வந்து விழும், விழுந்த இடத்தில் முளைக்கும். கண்ணிலிருந்து வந்த கிருமியோ கீறிய வளைவின் மேல்தான் முளைத்தாக வேண்டும். ஓரிரு நாள் கழித்துத் தட்டைப் பார்ப்பவர் வளைவின் மேல் இருப்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். வெளியே எவ்வளவு செழிப்பாக வளர்ந்திருந்தாலும் அது காற்றில் வந்தது என்று தள்ளிவிடலாம். எளிய வளைவுதான். ஆனால் பாதி விசாரணையை அதுவே முடித்துவிடுகிறது.

இதில் கையாளும் பொருளின் அளவையும் நினைக்க வேண்டும். கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான், புண் வந்த இடத்தில் அதுவும் கரைந்திருக்கும். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கிமுரா என்ற மெல்லிய கரண்டியைச் சுடரில் காட்டி ஆறவைத்து, புண்ணின் விளிம்பிலும் அடியிலும் வருடுவதுபோல் சுரண்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வருகிற அந்தத் துளியைத்தான் கண்ணாடித் தகடுகளுக்கும் தட்டுகளுக்கும் பங்கிட வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் எம். சீனிவாசன் குழுவினர் 1994 ஜனவரி முதல் மார்ச் வரை கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் அடிபட்ட பிறகே புண் வந்திருந்தது, பெரும்பாலும் வயல் வேலையில். தை அறுவடைக் காலம் அல்லவா, நெல் தாளும் தூசியும் போதும். வளர்ப்பில் கிடைத்த கிருமிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்டச் சரிபாதி. குளிர்நாட்டு நகரங்களில் பூஞ்சைக்கு இந்தப் பங்கு கிடையாது. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் சிவந்த கண்ணோடு பஸ் ஏறி வருபவருக்கு, வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தை நம்பி ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தனுப்பினால் பாதிப் பேருக்குப் பயன் இருக்காது. ஸ்டீராய்டு சொட்டு கொடுத்துவிட்டாலோ பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

அதனால்தான் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு இங்கே இத்தனை மதிப்பு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டால் திசு தெளிந்துபோகும், பூஞ்சை இழைகள் குறுக்குச் சுவர்களோடு பளிச்சென்று நிற்கும். சில நிமிட வேலை, சில ரூபாய்ச் செலவு. எந்தப் பூஞ்சை என்பதற்குத் தட்டு முளைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த 1997 ஆய்வில் பூஞ்சைகளில் முன்னே நின்றது ஃபுசேரியம். பஞ்சுபோல் படர்ந்ததில் ஒரு துளி எடுத்து நீலச் சாயமிட்டுப் பார்த்தால் அதன் பெரிய வித்துகள் அரிவாள் போல வளைந்திருக்கின்றன. கதிர் அறுக்கப் போனவரின் கண்ணுக்குள் இப்படி ஒரு வடிவம்! இயற்கைக்குக் குசும்பு அதிகம்.

மருந்தின் கதையும் மண்ணில்தான் தொடங்குகிறது. 1955-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸிலிருந்து பிரித்தெடுத்தது நேட்டமைசின். பாலாடைக்கட்டியின் தோல் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் இதையே தடவுகிறார்கள். தண்ணீரில் கரையாது. குப்பியைக் குலுக்கித்தான் விட வேண்டும், விட்டால் புண்ணின் மேல் வெள்ளையாகப் படியும், ஆழமாக உள்ளே போகாது. புதிதாக வந்த வோரிகோனசோலோ நன்றாக ஊடுருவும். எது ஜெயிக்கும் என்று கேட்டால் யாரும் புதியதைத்தான் சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவின் பிராக்டர் நிறுவனத்தோடு சேர்ந்து அரவிந்த் மருத்துவர்கள் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 323 நோயாளிகளிடம் பழைய நேட்டமைசினே மேலாக நின்றது. ஃபுசேரியம் தாக்கிய கண்களில் வித்தியாசம் பார்வைப் பலகையில் ஏறக்குறைய நான்கு வரி. நான்கு வரி என்பது சாதாரணமா?

இதைவிடவும் என்னைக் கட்டிப்போட்டது ஒரு சிறிய எண். பாக்டீரியா புண்களில் ஸ்டீராய்டு உதவுமா என்று 500 பேரிடம் நடந்த ஆய்வு 2012-இல் வந்தது, பெரும்பாலானோர் அரவிந்த் நோயாளிகள். அவர்கள் எல்லோருக்கும் மாக்ஸிஃப்ளாக்ஸசின் சொட்டு தரப்பட்டது. மருந்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரை கிருமியின் வளர்ச்சி அடங்கியிருக்கிறது என்று பார்ப்பது ஆய்வுக்கூட வழக்கம். அந்தக் கடைசி அளவை எம்.ஐ.சி. என்பார்கள். பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் அந்த எண்ணைச் சுருக்கி ‘கேட்கும்’, ‘கேட்காது’ என்று எழுதி முடித்துவிடும். அரவிந்தின் நுண்ணுயிரியலாளர் லலிதா பிரஜ்னாவும் குழுவினரும் எண்ணை எண்ணாகவே வைத்துக்கொண்டு, அதை நோயாளியின் பார்வையோடு பொருத்திப் பார்த்தார்கள். எம்.ஐ.சி. இரட்டிப்பானால் பார்வை குறைவது ஏறக்குறைய ஓர் எழுத்து. வரி கூட இல்லை, பலகையில் ஒரே ஓர் எழுத்து. மருந்துக்கு அடங்காமை என்பது ஒரு நாளில் சாத்தப்படும் கதவு அல்ல, படிப்படியாக ஏறுவது என்று இத்தனை நுணுக்கமாக அளந்து காட்டியதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

அதே ஆய்வின் கிருமிகளை வைத்து இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். மருத்துவமனைக்கு வருமுன்பே, மாக்ஸிஃப்ளாக்ஸசினும் சேர்ந்த ஃப்ளூரோகுவினலோன் வகைச் சொட்டு விட்டுக்கொண்டவர்களின் கண்ணில் இருந்த கிருமி எப்படி? எம்.ஐ.சி. ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது என் சொந்தக் கணக்கு, ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் கண் சிவந்ததும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் குப்பிக்கு, பில்லில் வராத விலை ஓர் எழுத்து என்று எனக்குத் தோன்றுகிறது.