மாறிய கணத்தைப் பிடிக்கும் கலை

1924 மே மாதம் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் தம் மேலதிகாரிக்கு ஒரு சிறு குறிப்பு எழுதி அனுப்பினார். சராசரிக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. அளவு கோட்டைத் தாண்டினால் காரணத்தைத் தேடு. ஓடிக்கொண்டிருக்கும் சிக்னலில் அளவுரு திடீரென மாறுவதைக் கண்டறியும் கலைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

ஷூஹார்ட் வழி பெரிய தாவலை உடனே பிடிக்கும். ஆனால் அதற்கு நினைவு கிடையாது. நேற்றைய அளவை இன்று கணக்கில் எடுக்காது. அந்த நினைவைத் தந்தவர் இங்கிலாந்தின் இ. எஸ். பேஜ் (1954). சராசரி 10, திட்ட விலக்கம் 1 என்று கொள்வோம். அளவு 11.5-க்கு நகர்ந்துவிட்டது. ஷூஹார்ட்டின் மேல்கோடு 13-இல் இருக்கிறது, எட்டாது. பேஜ், மிகுதியான 1.5-இல் 0.5-ஐக் கழித்து மீதியைக் கூட்டிக்கொண்டே போவார். கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் பூஜ்யத்திலிருந்தே மறுபடி தொடக்கம். வரம்பு 4 என்றால், இந்த 11.5 தொடர்ந்து வர, ஐந்தாவது அளவில் மணி அடித்துவிடும். சிறுதுளி பெருவெள்ளம் என்பதே இந்தக் ‘கியூசம்’ முறையின் உயிர்.

ரஷ்யாவின் ஆல்பர்ட் ஷிர்யாயெவ் 1963-இல் வேறு வழி காட்டினார்: மாற்றம் வரும் காலத்துக்கே முன்கூட்டி ஒரு நிகழ்தகவு கொடுத்து, புது அளவு வரவர அதைத் திருத்துவது. நான்காவது மரபு, முழுப் பதிவும் கைக்கு வந்தபின் திரும்பிப் பார்ப்பது. அஸ்வானில் 1871 முதல் 1970 வரை பதிவான நைல் நதி நீர்வரத்து இதற்குப் பாடநூல் உதாரணம்: 1898-ஐ ஒட்டி ஆண்டுச் சராசரி சுமார் 11,000 கோடி கன மீட்டரிலிருந்து 8,500 கோடிக்கு இறங்கியது.

ஓடும் சிக்னலைக் காவல் காக்கும் முறைகளுக்கெல்லாம் உரைகல் ஒன்றுதான்: இரண்டு பொய் எச்சரிக்கைகளுக்கு இடையே சராசரியாக எவ்வளவு காலம், உண்மை மாற்றத்தை அறிய எவ்வளவு தாமதம். வரம்பைத் தாழ்த்தினால் தாமதம் குறையும், வீண் கூச்சல் பெருகும். 1971-இல் லார்டன், தாமதம் மிக மோசமாக அமையும் நிலையை வைத்தே முறைகளை எடைபோட வேண்டும் என்றார். அந்தக் கடுமையான தராசில், பொய் எச்சரிக்கைக்கு ஒரே அளவு இடம் தந்தால், பேஜின் முறையை வெல்ல எதனாலும் முடியாது என்று மௌஸ்டகிடீஸ் நிறுவியபோது ஆண்டு 1986. கூட்டலும் கழித்தலுமாக நின்ற ஒரு விதி, தன் பெருமை நிரூபணமாக 32 ஆண்டு காத்திருந்தது.

இத்துறைக்கு வரும் இளையோரிடம் என் வேண்டுகோள்: புது முறையை முன்வைக்கும்போது அது எத்தனை விரைவு என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை முறை வீணாகக் கூவியது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள். வீண்மணி கேட்டுக் கேட்டுப் பழகிய காவலர், மெய்யான மணி அடிக்கும் நாளில் எழுந்திருக்க மாட்டார்.