குற்றச் செய்தியும் கரையூர் மக்களும்

மன்னார்த் தீவின் தாழ்வுபாடு போன்ற கரையூர்களின் பெயர் நம் நாளேடுகளில் எப்பொழுது இடம்பெறுகிறது என்று வாசகர் எண்ணிப் பார்த்ததுண்டா? பெரும்பாலும் கேரளக் கஞ்சாவோ பீடி இலையோ கைப்பற்றப்பட்ட நாளில்தான். எத்தனை கிலோ, எத்தனை இலட்சம் பெறுமதி, எத்தனை பேர் கைது. செய்தி அத்தோடு முடிந்துவிடுகிறது. அனுப்பியவன் யார், பெறவிருந்தவன் யார், வழக்கு என்ன முடிவைக் கண்டது என்பனவற்றை அறிய நாம் பின்வரும் ஏடுகளைப் புரட்டினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இதனை நாம் முதற்கண் எழுத்தின் குறையாகவே காண்கிறோம். அதிகாரிகளின் அறிக்கையைப் படியெடுப்பவர் அவர்களுடைய கண்ணையும் சேர்த்தே கடன் வாங்கிவிடுகிறார். பிடிபட்டது மட்டுமே அக்கண்ணுக்குக் குற்றமாகத் தெரிகிறது. மக்கள் இழந்தது தெரிவதில்லை. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடித் தொழிலை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஆயினும், கடன்பட்டு வாங்கிய வலை ஓரிரவில் அறுபட்டுப்போனால், அவ்விழப்புக்குக் குற்றச் செய்திப் பக்கத்தில் எத்தனை வரி கிடைக்கிறது?

குற்றப் புள்ளிவிவரத்தையும் இந்த ஐயத்தோடுதான் படிக்க வேண்டும். பதியப்படாத முறைப்பாடு அதில் எண்ணாவதில்லை. பொலிசார் தேடிப்போய்ப் பிடித்ததோ பன்மடங்கு எண்ணாகிறது. 2023 டிசெம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் சில வாரங்களுள் 29,000க்கு மேற்பட்டோர் கைதானதாக 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் நிபுணர்கள் சுட்டிக்காட்டினர். அதனை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறும் கோரினர். அவ்வெண் பொலிசாரின் வேகத்தைக் காட்டிற்று. குற்றம் குறைந்ததா என்பதை அது காட்டவில்லை.

2025 ஜனவரி 16 அன்று, மன்னார் நீதிமன்றத்தின் முன்பாகவே இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2022இல் மாட்டுவண்டிச் சவாரியையொட்டி எழுந்த பகையின் தொடர்ச்சி என அது பேசப்பட்டது. பல்லாண்டுப் பகை நீதிமன்ற வாயில்வரை வந்தும் அதனைத் தடுக்க ஆளில்லை. அதே ஆண்டு செப்டெம்பர் 26 இரவு, காற்றாலைகளை எதிர்த்து நகரில் திரண்டிருந்த மக்களை அகற்றிக் கோபுர உறுப்புகளைக் கொண்டுசெல்லப் பொலிசார் பெருந்தொகையாக வந்தனர். பலர் காயமுற்றனர், 29ஆம் திகதி மன்னார் ஹர்த்தால் அனுட்டித்தது. ஆட்பலம் போதாது என்னும் பழைய சமாதானத்தை இனி இம்மக்கள் எவ்வாறு நம்புவர்?

“மக்கள் முறைப்பாடு செய்ய முன்வருவதில்லையே” என்பாரும் உளர். வாய்மொழி முறைப்பாட்டை அது கூறப்பட்ட மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டவேண்டும் என்பது 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பொதுவிதி. தமிழ் எழுதத் தெரிந்த அலுவலர் இல்லாத மேசையில் அவ்விதியால் என்ன பயன்? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாணங்களுக்கு வகுத்த பொலிஸ் அதிகாரமும் இன்றுவரை ஏட்டிலேயே இருக்கிறது.

கடத்தலைப் பிடிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அந்நஞ்சு முதலில் தின்பது நம் இளைஞரையே. நாம் கேட்பது வேறு. செய்தியாளர் பொலிஸ் நிலைய வாசலோடு திரும்பிவிடாமல் கரையிலுள்ள வாடிவரை நடக்கட்டும். கைப்பற்றிய பொதியின் எடையை எழுதும் அதே பக்கத்தில், வலையிழந்த குடும்பம் எத்தனை நாள் தொழிலுக்குப் போகவில்லை என்பதையும், அதன் முறைப்பாடு என்னவாயிற்று என்பதையும் எழுதட்டும்.