கனம் எங்கே இருக்கிறது? கிட்டார் பிக்கப் மாற்றுவது குறித்து ஒரு விமர்சனக் குறிப்பு

எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற புகார் ஒன்று உண்டு. "சவுண்டு மெலிசா இருக்கு, கனம் பத்தல." இதற்குத் தயாராக ஒரு பதிலும் உண்டு. "பிக்கப்பை மாத்திடு, அவுட்புட் ஜாஸ்தி இருக்கறதா பார்த்துப் போடு." இந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்கப் போகிறேன்.

உரச வேண்டிய காரணம் இதுதான். உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் திருவிழாக் கச்சேரிக்கு வாசிக்கும் பையன்களுக்கு ஒரு ஜோடி நல்ல பிக்கப் என்பது ஒரு சீசன் சம்பாத்தியம். வாங்கிப் போட்ட பிறகும் கனம் வரவில்லை என்றால் அந்தக் காசு திரும்பி வராது. சோதித்துப் பார்க்கச் சொல்லும் கடைகள் பெரும்பாலும் சென்னையில். எனவே காசு கொடுப்பதற்கு முன்பே யோசித்தாக வேண்டும்.

முதலில் பிக்கப் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு காந்தம், அதைச் சுற்றி முடியைப் போன்ற செம்புக் கம்பியில் பல ஆயிரம் சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, காயிலில் சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது. அவ்வளவுதான். வீணையின் பித்தளைத் தந்திக்கு அடியில் இதை வைத்தால் வேலைக்கு ஆகாது. பித்தளை காந்தத்துக்கு வசப்படாது.

கடைக்காரர் காட்டும் எண் பெரும்பாலும் காயிலின் மின்தடை. "இது 8 கிலோ ஓம், அது 16 கிலோ ஓம், அதான் கனம்" என்பார். இந்த எண்ணை நம்பி வாங்கக்கூடாது. கம்பியை இன்னும் மெலிதாக்கினால், சுற்றைக் கூட்டாமலேயே ஓம் ஏறிவிடும். வெயிலுக்கும் ஏறும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடுகிறது. 25 டிகிரியில் 8 கிலோ ஓம் காட்டுகிற பிக்கப், சித்திரை மாதத்து 40 டிகிரியில் சுமார் 8.5 காட்டும். அதற்காக நம்ம ஊர் வெயிலில் கிட்டார் கனமாகப் பேசிவிடுமா என்ன?

காதுக்குத் தெரிகிற கனத்துக்குப் பெரிய காரணம் வேறு. காயிலின் தூண்டலும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு மேட்டை உண்டாக்குகின்றன. அந்த மேடு எந்த அலைவெண்ணில் நிற்கிறதோ அதற்கு மேலே ஒலி சரிந்துவிடும். ஆறு மீட்டர் கேபிளுக்குத் தோராயமாக 600 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 2.4 ஹென்றி உள்ள சாதாரண சிங்கிள் காயிலுக்கு மேடு 4,200 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. 8 ஹென்றி உள்ள சூடான ஹம்பக்கருக்கு 2,300 பக்கம். நாம் "மெலிசு" என்பதும் "கனம்" என்பதும் பெருமளவு இந்த இடைவெளிதான்.

இப்போது சுவாரஸ்யமான இடத்துக்கு வருவோம். அதே சிங்கிள் காயிலோடு, வால்யூம் பாட்டின் உள்வரும் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1,500 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தால் மேடு 2,250 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அந்தக் கெப்பாசிட்டரின் விலை சில ரூபாய். ஹம்பக்கரின் கூடுதல் வலு இதில் கிடைக்காது. தந்தியை இரண்டு இடத்தில் கேட்டுச் சில மேல்சுருதிகளை அது அடக்குகிற குணமும் கிடைக்காது. ஆனால் தேடுகிற கனத்தில் எவ்வளவு பங்கு இந்த மேட்டைச் சார்ந்தது என்று ஒரே சாயங்காலத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம்.

ஹம்பக்கரைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் 1955-ல் விண்ணப்பித்து 1959-ல் காப்புரிமை பெற்ற அந்த வடிவம் உருவானதே இரைச்சலை ஒழிக்கத்தான். எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு காயில், எதிரெதிர் காந்த முனை. வெளியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், தந்தியின் ஒலி கூடிக்கொள்ளும். கனம் அதோடு ஒட்டிவந்த குணம். ஆனால் நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் துளையில் ஒயரே இருக்காது. அந்த உறுமலை ஹம்பக்கர் முழுசாகத் தீர்க்காது. தந்தியைத் தொட்டால் சுர்ருனு இழுக்கிறதென்றால் பிக்கப் பேச்சையே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அது டோன் பிரச்சினை கிடையாது, உயிர்ப் பிரச்சினை.

இனி, கனம் என்ற சொல்லையே நம் இசைக்குள் வைத்துப் பார்க்கலாம். நாகசுரத்தில் இந்தக் கேள்வி ஏற்கெனவே வந்து போயிருக்கிறது. திமிரி குட்டையானது, உச்ச சுருதி, கூரான ஒலி. டி.என். ராஜரத்தினம் பிள்ளை தாழ்ந்த சுருதியையும் ஆழ்ந்த நாதத்தையும் விரும்பினார். அந்தத் தேடலின் முடிவில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1955-ல் சுத்த மத்யமம் சரியாகப் பேசும் பாரி நாகசுரத்தைச் செய்து கொடுத்தார். சீவாளியை மட்டும் மாற்றி முடிகிற காரியமாக அது இருக்கவில்லை. குழலின் நீளம், துளையின் இடம், சுருதி எல்லாம் மாறின. கனம் வேண்டும் என்று போனவர்கள் கூடவே ஸ்வர சுத்தத்தையும் கேட்டார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

இரண்டாவது உதாரணம் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். மரபான மாண்டலினில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். அந்த இரட்டிப்பே ஒரு கனம் தரும். அவர் அதைக் கைவிட்டார். எலெக்ட்ரிக் மாண்டலினில் ஒற்றைத் தந்திகள், கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவதாக ஒன்று. ஜோடித் தந்தியை இழுத்துக் கமகம் போட்டால் இரண்டும் ஒரே அளவு ஏறுவது கஷ்டம். இரட்டிப்பின் கனத்தை விட்டுக்கொடுத்து, ஒரு ஸ்வரம் நின்று வளைகிற கனத்தை அவர் எடுத்துக்கொண்டார் என்றே நான் அவர் வாசிப்பைக் கேட்கிறேன்.

இதை வைத்துப் பார்த்தால் "அவுட்புட் ஜாஸ்தி" ஆலோசனையின் குறை வெளிச்சமாகிறது. சூடான பிக்கப் ஆம்பைச் சீக்கிரமே திணறவைக்கும். அப்போது மீட்டும் வேகமும் அதன் வாலும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும். சினிமாப் பாட்டின் நீண்ட லீடுக்கு அது வரம். தோடியில் காந்தாரத்தை அசைக்கிறவனுக்குச் சங்கடம், அந்த அசைவின் நுனிகள் மழுங்கிப்போகும். ஆக, "எந்த பிக்கப் கனம்?" என்று கேட்பதற்கு முன் "எதை வாசிக்க?" என்று கேட்டாக வேண்டும்.

எங்கள் ஊர்க் கல்வெட்டு இந்த விஷயத்தில் நல்ல வழிகாட்டி. பராந்தக சோழன் காலத்து 921-ம் ஆண்டுக் குடவோலை விதிகளில் யார் நிற்கலாம் என்பதோடு யார் நிற்கக்கூடாது என்ற பட்டியலும் நீளமாக இருக்கிறது. கணக்குக் காட்டாதவன் முதலில் வெளியே. பிக்கப்புக்கும் அப்படியே செய்யலாம். ஓம் எண்ணை மட்டும் சொல்லி, தூண்டல் அளவைச் சொல்லாதது வெளியே. கட்டையைக் குடையாமல் உட்காராதது வெளியே, சிங்கிள் காயில் அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது. தந்தி இடைவெளிக்குப் பொருந்தாததும் வெளியே.

குடவோலை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. பிக்கப்பின் உயரத்தை ஸ்க்ரூவில் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். தந்தியை ஒரு படி தடிமனாக்குங்கள். டோன் குமிழைப் பத்திலிருந்து ஆறுக்கு இறக்குங்கள். அந்தக் கெப்பாசிட்டரை வைத்துக் கேளுங்கள். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு தந்தி செட்டின் விலைதான் ஆகும். இதற்குப் பிறகும் வலு போதவில்லை, இரைச்சல் தாங்கவில்லை என்றால் ஹம்பக்கர் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. அப்போது உங்களுக்கு என்ன குறைகிறது என்று உங்கள் காதுக்கே தெரிந்திருக்கும். கடைக்காரர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.