பாதாள ரயிலைத் தோண்டியது யாரு?

பாதாளம் என்றால் நம் சனங்களுக்குத் தெரிந்தது பாதாளச் சாக்கடைதான். அதில் இறக்கிவிடப்பட்டு மூச்சுமுட்டிச் செத்தவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே பூமிக்கு அடியில் ஒரு ரயில் நிலையத்தை 'செட்' போட்டுக் காட்டினால், வெளிச்சம் எப்படி, கேமரா எப்படி என்று பேசுவதற்கு முன்னால், இந்தக் குழியைத் தோண்டினது யாருன்னுதான் நான் கேட்பேன்.

கோல்சன் வைட்ஹெட் 2016இல் எழுதிய 'தி அண்டர்கிரவுண்ட் ரெயில்ரோட்' நாவலை, பேரி ஜென்கின்ஸ் 2021இல் பத்துப் பகுதித் தொலைக்காட்சித் தொடராக எடுத்தார். வரலாற்றில் அப்படியொரு ரயிலே கிடையாது. அமெரிக்கத் தெற்கிலிருந்து தப்பிய கறுப்பின அடிமைகள் ராத்திரியில் நடந்தார்கள், காட்டிலும் சதுப்பிலும் பதுங்கினார்கள். அடைக்கலம் தந்த வீடு 'ஸ்டேஷன்', வழிகாட்டியவர் 'கண்டக்டர்'. எல்லாம் சங்கேதச் சொற்கள். 1849இல் தானே தப்பிவந்த ஹேரியட் டப்மன் சுமார் 13 தடவை திரும்பிப் போய், ஏறக்குறைய 70 பேரை மீட்டார்.

இந்தச் சங்கேதத்தை நாவல் நிஜ ரயிலாக்கியது. ஜென்கின்ஸ் அதைக் கம்ப்யூட்டர் சித்திரமாக விட்டுவிடவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னாவில், ரயில் அருங்காட்சியகம் ஒன்றின் தண்டவாளத்தைச் சுற்றிச் சுரங்கத்தை எழுப்பியது மார்க் ஃப்ரீட்பெர்க்கின் கலைக் குழு. நிஜ எஞ்சின், நிஜத் தண்டவாளம். நடந்த கால்களை இந்த ரயில் மறைத்துவிடாதா? நியாயமான சந்தேகம்தான்.

ஆனா எனக்கு வேற மாதிரி படுது. அடைக்கலம் கொடுத்த வெள்ளையரின் கருணையைப் பாடியே இந்த வரலாறு நெடுங்காலம் சொல்லப்பட்டது. தப்பியோடியவர்களின் மூளையும் உழைப்பும் அதில் பின்னுக்குப் போயின. இரும்பு கண்ணெதிரே கிடக்கும்போது அப்படிப் பாடிவிட்டுப் போக முடியாது. உள்நாட்டுப் போருக்கு முன் தெற்கின் ரயில் பாதைகளில் பெரும்பகுதியைப் போட்டதே அடிமைகள்தான். எசமானின் பருத்தி போவதற்குப் பாதை போட்ட கைகள், தங்களுக்குன்னு ஒண்ணு போட்டா எப்படியிருக்கும்? இந்த செட்டின் அரசியல் இங்கேதான் இருக்கிறது.

குறையும் இங்கேதான். சுரங்கத்தின் இருட்டையும் விளக்கொளியையும் அழகழகாகக் காட்டுகிற தொடர், அதைத் தோண்டிய கைகளைக் கதையின் நடுவுக்குக் கொண்டுவரவில்லை. கேள்வியைக் கிளப்பிவிட்டு ரயிலேறிப் போய்விடுகிறது.

ஒன்றை மட்டும் விட்டுவிடவில்லை. கனவில் வரும் பெரிய ஸ்டேஷனில் நாயகி கோராவிடம் கேட்கப்படுவது அவள் சாட்சியம். இது வெறும் கற்பனை இல்லை. தப்பிவந்தவர்கள் சொன்னதையெல்லாம் பிலடெல்பியாவில் கேட்டு எழுதிவைத்த கறுப்பினத்தவர் வில்லியம் ஸ்டில், 1872இல் அவற்றைப் புத்தகமாக்கினார். யார், எங்கிருந்து, எப்படி வந்தார்கள் என்ற விவரம் அதில் இருக்கிறது. நம் பாதாளத்தைப் படமெடுக்க வருகிறவர்கள் செட்டுக்கு மண் வெட்டுவதற்கு முன்னால், இறங்கினவர்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்கட்டும்.